துரு ஏறாத தண்டவாளம்

லா பெர்திஸ் ரயிலால் பிறந்த ஊர். ரயில் நின்று முப்பத்தொரு வருடமாகிறது. இரண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்டேஷனை அருங்காட்சியகம் ஆக்கியதால் அதன் முன்னால் மட்டும் இருநூறு அடி தப்பியது. அந்த இருநூறு அடியும் இப்போது பளபளவென்று மின்னியது. சக்கரம் ஓடாத தண்டவாளம் ஒரே மழையில் துருப்பிடித்துவிடும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அருங்காட்சியகச் சாவி, பேக்கரிக்கார அன்செல்மோவின் மனைவி நெலிதாவிடம் இருந்தது. அவளுக்குச் சந்தேகமெல்லாம் பழைய சிக்னல்காரர் ஃபெர்மின் மேல்தான்.

"வர்றவங்ககிட்ட பீத்திக்க நீங்கதானே தேய்க்கிறீங்க?"

"எனக்கு முட்டியே மடங்காது. நான் உன்னையில்ல சந்தேகப்பட்டேன்!"

மறுநாள் மதியம், ஊர் கதவடைத்துத் தூங்கப் போகுமுன், நெலிதா நடைமேடையைச் சுத்தமாகப் பெருக்கினாள். சிறுவயதில் செய்ததுபோல் தண்டவாளத்தில் ஓர் ஆணியை வைத்தாள். கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அன்செல்மோவின் பக்கத்தில் படுத்தாள்.

நாலு மணிக்கு ஃபெர்மினைக் கூட்டிவந்து பூட்டைத் திறந்தாள். ஆணி தகடாகியிருந்தது. தொட்டால் சுட்டது. கேட்டிலிருந்து நடைமேடை விளிம்புவரை மாவு படிந்த காலடிகள் போயின. திரும்பி வந்த தடம் இல்லை.

"அன்செல்மோ எங்கே?" என்றார் ஃபெர்மின்.

"வீட்லதான். நான் எழுந்திரிக்கும்போது போர்த்திட்டுத் தூங்கிட்டிருந்தாரு."

"மூஞ்சியைப் பாத்தியா?"

நெலிதா தெருப்பக்கம் திரும்பினாள். எதிரே, நாலு மணிக்குத் தவறாமல் திறக்கும் பேக்கரியின் ஷட்டர் இறங்கியே இருந்தது.