யார் எழுதிக் கொடுத்தது?

ஸ்வீடனின் மால்மோ நகரில் ஏலக்காய்க் காப்பி ஆறிக்கொண்டிருக்க, ரபாப் விட்டு வந்த தன் நாட்டின் அரசாங்க ரேடியோவைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் ஹைத்தம் ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காக, அங்கே அவன் தம்பி மாஹிரைப் பிடித்துப்போய் இருபது நாளாகிறது. அந்த மாஹிர்தான் நேரலையில் பேசினான். “என் அண்ணன் அந்நியருக்குப் பேனாவை விற்ற துரோகி.”

நிகழ்ச்சி முடிந்தது.

“அரபு உலகமே கேட்டிருக்கும்,” என்றாள் ரபாப்.

“ம்,” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த ஹைத்தம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“லாரி ஓட்டுற மாஹிருக்கு இப்படிப் பேச வருமா? யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க சின்ன வயசுல அத்திப்பழம் திருடினதுகூட வருது. உங்க சின்ன வயசு சிநேகிதன் ஃபாதிதானே? நம்ம வீட்ல தின்னுட்டே உளவு பார்த்திருக்கான்.”

“ஃபாதி இல்ல.”

“பின்ன யாரு?”

“நான்தான். ரேடியோவுல அவன் என்னை உதறிட்டா அவனை விட்டுடுவாங்களாம். மாஹிர் பொண்டாட்டி கெஞ்சினா. எழுதி அனுப்பினேன்.”

ரபாப் போனைக் கீழே வைத்தாள். “அதான் படிச்சுட்டானே. அப்புறம் எதுக்கு அழறீங்க?”

“‘இனி இவன் என் அண்ணன் இல்லை.’ அதைச் சொன்னாத்தான் விடுவாங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் படிக்காம விட்டுட்டான், ரபாப்.”