ஃப்ரிட்ஜ் நோட்டு

"உனக்கெல்லாம் வீட்ல குழந்தை குட்டி இருக்கா, இல்லையா?"

சுகாதார நிலைய வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் அந்த அப்பா. தோளில் ஒன்பது மாதப் பெண் குழந்தை.

உள்ளே நர்ஸ் தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கண் முன்னாடி மருந்தைக் குப்பையில கொட்டறியேம்மா! பக்கத்து வீட்டுப் பையனை நேத்துதான் அம்மை கொண்டுட்டுப் போச்சு. இவளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டா குறைஞ்சா போயிடுவே?"

"இது சூட்டுல கெட்டுப்போனது சார். போட்டாலும் பிரயோஜனமில்லை. புது மருந்து வரணும். புயல்ல பாலம் உடைஞ்சு கிடக்கு, பத்து நாளாவது ஆகும்."

"பத்து நாள் அம்மை வாசல்ல கைகட்டி நிக்குமா? கெடற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே, தூங்கினியா?"

வெந்த புண்ணில் வேல். புயலடித்த நாளிலிருந்து அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு ஏறாத படியில்லை.

"புகார் புத்தகத்தை எடு! உன் வேலைக்கு உலை வெக்கிறேனா இல்லையா பார்!"

புகார் புத்தகத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மருந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தினம் இரண்டு வேளை ஃப்ரிட்ஜின் சூட்டைக் குறிக்கும் நோட்டு.

"இதுலயே எழுதுங்க சார்."

வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டியவர், ஓரிடத்தில் நின்றார்.

'திங்கள்: கம்பி அறுந்தது. ஜெனரேட்டர். 5 டிகிரி.

புதன்: டீசல் தீர்ந்தது. 14 டிகிரி. கரண்ட் ஆபீசுக்கு போன். பதில்: "கையுறை கேட்டு ஸ்ட்ரைக்ல இருக்கோம்மா. கையுறை இல்லாம எங்க ஆளுங்க ரெண்டு பேர் கருகிட்டாங்க. நாலு நாள் கரண்ட் இல்லேன்னா உன் மருந்து ஒண்ணும் செத்துடாது."

வியாழன்: 26 டிகிரி.'

புதன்கிழமை வரியை இன்னொரு தரம் படித்தார்.

"நேத்துதான் சார் ஸ்ட்ரைக் முடிஞ்சு கரண்ட் வந்துச்சு," என்றாள் நர்ஸ். "அவங்க கேட்டதும் நியாயம்தான். ஆனா போன்ல பேசின ஆளுக்கு அந்த வார்த்தை எப்படி வந்துச்சோ! நீங்க என்னைக் கேட்டீங்களே, அதையேதான் நானும் அன்னிக்கு நினைச்சேன். அவர் வீட்ல குழந்தை குட்டி இருக்கா, இல்லையான்னு."

அவர் பேனாவை மூடினார். இடுப்பில் செருகியிருந்த புத்தம்புது ரப்பர் கையுறையைச் சட்டைக்குள் இழுத்து மறைத்தார்.

"இருக்கும்மா," என்றார், குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு. "ஒண்ணே ஒண்ணு."