ஓடாத ஆள்

ஸெய்னுதீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது கம்பெனி. கீழே நின்ற தொழிலாளர் நாற்பது பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வழக்கு ஒரே ஒரு வரியைப் பற்றியது. அபாயச் சங்கு ஊதினால் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடலாம் என்று கம்பெனியும் யூனியனும் செய்த ஒப்பந்தத்தில் இருந்தது. நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தபின் போராடி எழுதிவாங்கிய வரி.

ஆவணியில் ஒருநாள் நாற்பது பேரும் ஓடினார்கள். விமானம் வரவில்லை. சங்கே ஊதவில்லை என்று சொல்லிக் கம்பெனி எல்லோரையும் வேலையால் நிறுத்திவிட்டது. சங்கு ஊதுகிற கடற்படையைக் கேட்டால் யுத்த இரகசியம் என்றார்கள். மிஞ்சிய சாட்சி ஸெய்னுதீன். அன்று நிலக்கரித் துறையில் ஓடாமல் சுமை தூக்கும் வின்ச் பிடித்து நின்றவன் அவன் ஒருவன்தான்.

அன்றிலிருந்து ஊரில் அவனோடு யாரும் கதைப்பதில்லை. கம்பெனியின் செல்லப்பிள்ளை என்று பெயர். கிண்ணியாவுக்குப் போகும் தோணியில்கூட அவன் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

சங்கு ஊதியதா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ஸெய்னுதீன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். கம்பெனி வக்கீல், பழம் நழுவிப் பாலில் விழப்போகிற முகத்தோடு காத்திருந்தார்.

"ஓம் ஐயா, ஊதினது. எனக்கும் கேட்டது. நான்தான் ஓடல்ல."

பின்னேரத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நாற்பது பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

சத்தியம் செய்துவிட்டு அவன் சொன்னது பொய். பதினொரு வருடம் வின்ச் இரைச்சலில் நின்று இரண்டு காதும் போய்விட்டன. மேலே நிற்பவனின் கைச்சைகையைப் பார்த்துச் சுமையை ஏற்றி இறக்குகிற வேலை என்பதால் அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று அவன் நிமிர்ந்து பார்த்தபோது துறையில் ஒரு ஈ காக்கையும் இல்லை. நாற்பது பேர் சும்மா ஓடமாட்டார்கள் என்பது மட்டும் அவனுக்கு நிச்சயம்.

நீதிமன்றத்தை விட்டுத் தனியே நடந்தான். இனியாவது யாராவது ஒரு வார்த்தை கதைக்கமாட்டார்களா என்று மனம் கிடந்து ஏங்கியது.

பின்னால், தேநீர்க்கடை வாசலில் நின்று யூனியன் தலைவன் அபூதாஹிர் கூப்பிட்டான்.

"ஸெய்னுதீன் காக்கா, நில்லுங்க. எல்லாருமாத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

மூன்று தரம் கூப்பிட்டான். ஸெய்னுதீன் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தான்.

ஆளுக்கு இன்னும் கம்பெனித் திமிர் போகவில்லை என்று சொல்லிவிட்டு, அபூதாஹிர் மற்றவர்களோடு கடைக்குள் போனான்.