சாம்பல் கிடா

ஹம்தம் மாமா இரண்டு காரியமாக வந்திருந்தார். ஒன்று, எங்கள் சாம்பல் கிடா. இன்னொன்று, அவர் மகனுக்கு நான்.

தேநீர்க் கெண்டியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உங்க ஆடுங்களும் சாம்பல், என் கிடாவும் சாம்பல். தர மாட்டேன் மச்சான்" என்றார் அப்பா.

"என்ன மாப்ளே, ஒரு கிடாவுக்கு இவ்ளோ யோசனையா? என் தங்கச்சியை உனக்குக் கொடுக்கறப்போ நான் இதுல பாதிகூட யோசிக்கலையே!"

மாமாவே சிரித்துக்கொண்டார். அம்மா அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். யோசிக்க என்ன இருந்திருக்கும்?

அப்பா சிரிக்கவில்லை. கிசில்கும் பாலைவன மணலில் நாற்பது வருஷமாக ஆடு மேய்க்கிறவர்.

"சாம்பலோட சாம்பல் சேர்ந்தா, நாலுல ஒரு குட்டிக்கு நாக்கு வெளுத்திருக்கும். பால் குடிக்கிற வரைக்கும் துள்ளும். புல்லுல வாய் வச்சதும் வயிறு ஊதிச் செத்துடும். தாய்கிட்டயும் அந்த நோவு இருக்கு, தகப்பன்கிட்டயும் இருக்கு. பார்த்தா ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். ஆட்டுக்குத் தெரியாது. மேய்க்கிறவனுக்குத் தெரிய வேணாமா?"

மாமா கறுப்புக் கிடாவை ஓட்டிப் போவதாக ஒப்புக்கொண்டார்.

எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இவ்வளவு தெரிந்தவர் அடுத்ததற்கும் மாட்டேன் என்றுதான் சொல்வார்.

"எல்முரோத் நல்ல பையன்" என்றார் மாமா.

"நம்ம ரத்தம்தானே" என்றார் அப்பா. "வெளியில எதுக்குப் போகணும்?"

இரண்டு ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைத்தார்கள். ரொட்டி உடைந்துவிட்டால் நிச்சயம் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

அம்மா குனிந்து துணுக்குகளைப் பொறுக்கினாள். நிமிரவே இல்லை.

சத்தத்தில் உள்ளறையில் தம்பி விழித்துக்கொண்டான். ஓடிப்போய் அவன் தலையை உள்ளங்கையில் தாங்கினேன். கழுத்து இன்னும் நிற்கவில்லை. தொட்டில் வாரை இழுத்துக் கட்டினேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் அவனுக்கு ஒன்பது வயது. தொட்டிலை நீட்டக் கால்மாட்டில் ஒரு பலகை அடிக்க வேண்டும்.

மாமா வீட்டில், எல்முரோத்தின் தம்பி கிடக்கும் தொட்டிலுக்கு ஏற்கெனவே இரண்டு பலகை அடித்தாயிற்று.