ஊசி போட்ட இடம்

பெற்ற பெண்ணைத் தொட்டுத் தூக்காத தகப்பன் உண்டா? படப்பையில், அந்த வரிசை வீடுகளில் ஒருவன் இருந்தான். பெயர் சாம்சன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. முன்பெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாப்பாவை வாரிக்கொள்வான். இப்போது சில வாரங்களாக ஓ.டி., ஓ.டி. என்று இருட்டின பிறகுதான் வருகிறான். வந்தாலும் வாசலோடு சரி. தட்டை வாங்கி வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு, புழுக்கம் என்று அங்கேயே பாயை விரித்துக்கொள்கிறான்.

அது போதாதென்று பாப்பாவின் கையில் இந்தப் புண்.

ஊசி போட்டாக வேண்டும் என்று மனைவி ஜாஸ்மினை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியவனே அவன்தான். இன்றைக்கே போ என்று ஒற்றைக்காலில் நின்றான். போட்ட இடம் முதலில் சும்மாதான் இருந்தது. அப்புறம் கடுகாகத் தடித்தது. சிவந்து வீங்கியது. இன்று காலையில் பார்த்தால், நடுவில் மஞ்சளாகச் சீழ்.

ஜாஸ்மின் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கான்வென்ட்டில் படித்தவள்தான். கிருமி நுழைந்த இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடி வரும், அதனால்தான் சூடும் வீக்கமும், சண்டையில் செத்ததெல்லாம் சீழ், பிறகு வேறு அணுக்கள் வந்து புதுச் சதை வைத்து மூடும் என்று படம் வரைந்து பாகம் குறித்து, சிஸ்டரிடம் 'வெரி குட்' வாங்கியவள்.

அதெல்லாம் பரீட்சைக்கு. இது பாப்பாவின் கை. கையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால்?

பக்கத்துக் குடித்தனக்காரி கனகம் வந்து பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"செப்டிக் ஆயிடுச்சிம்மே. பிதுக்கி எடுத்துட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சி வை. வுட்டா கை பூரா பரவிக்கும்."

சொன்னவள் அதோடு விடவில்லை. அவள் புருஷனுக்கும் அதே கம்பெனிதான். அங்கே ஓ.டி.யை நிறுத்தி ரொம்ப நாளாகிறதாம்.

"உன் வூட்டுக்காரரு தெனம் எங்க போறாருன்னு கேட்டியா? வேற எவளாச்சும் ஒல வைக்கிறாளோ இன்னாவோ."

சுண்ணாம்பு எடுத்து வருகிறேன் என்று கனகம் எழுந்து போனாள்.

ஜாஸ்மின் பாப்பாவை மடியில் கிடத்தி அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்தாள். நகம் பட்டதுமே குழந்தை வீறிட்டது.

"பிதுக்காத ஜாஸ்மின்."

வாசலில் சாம்சன். எப்போது வந்தானோ.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே அவனிடம் போனாள். "தள்ளி நின்னு சட்டம் பேசாதீங்க. புடிங்க, நீங்களே பாருங்க."

அவன் பாம்பைக் கண்டவன் போலத் தெருவுக்குப் பின்வாங்கினான். தோளில் கிடந்த துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டான். ஜாஸ்மினுக்குச் சந்தேகமே இல்லை. கனகம் சொன்னது நிஜம்தான்.

"சீழ் வச்சிருக்கா?" துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"வச்சிருக்கு."

அவன் கண் நிறைந்துவிட்டது. "அப்ப ஊசி நல்லா புடிச்சிருக்கு. பயப்படாத. தானா ஒடைஞ்சி, காஞ்சி, தழும்பாயிடுமாம். கைய மட்டும் வச்சிடாதன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்? அங்க ஓ.டி.யே இல்லையாமே. தினம் எங்கதான் போறீங்க?"

அவன் கனகத்தின் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரல் இறங்கியது.

"தாம்பரம் சானடோரியத்துக்கு. எனக்கு டி.பி. ஜாஸ்மின். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். எனக்குத் தெரிஞ்ச அன்னிக்குத்தான் பாப்பாவுக்கு டி.பி. வராம இருக்க அந்த ஊசி போட உன்ன அனுப்பினேன். என் மூச்சு அவ மேல பட்டுடக் கூடாதுன்னுதான் இப்படி வாசல்லியே கெடக்கறேன்."