டீ குடிக்காத மனிதர்

வந்தவர் காரை வாசலில் நிறுத்தவில்லை. தெருமுனையிலேயே விட்டுவிட்டு, நடராஜாவின் வீட்டை மேலும் கீழும் பார்த்தபடி நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு தோல் பை.

"கன்னு நட்ட கமிட்டியில இருக்கிற நடராஜா நீங்கதானே?"

நடராஜா தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அவர். நிழல் அசைந்தாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள். மடியில் கனம் என்று ஒன்றும் கிடையாது, ஆனாலும் வழியில் பயம். என்ன செய்ய, பிறவிக் குணம்!

விஷயம் இதுதான். கோலசிலாங்கூர் ஆற்றில் படகேறி மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறவர்களிடம் தலைக்கு ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் காசை எதற்குச் செலவழிக்கலாம் என்று யோசனை சொல்ல ஓர் ஆலோசனைக் குழு. படகுத்துறை பூராவும் கலர் விளக்குப் போடலாம் என்றார் சாப்பாட்டுக் கடை உமாபதி. பூச்சி அடைகிற மரத்தைக் கரையோரம் நடலாம் என்றார் நடராஜா. குழு நடராஜா பக்கம் சாய்ந்தது.

போன மழையில் ஆறு பெருகி, நட்ட கன்றில் பாதியை அடித்துக்கொண்டு போயிற்று. உமாபதி சும்மா இருப்பாரா? "கன்னு எங்கலா நட்டான்? காச முழுங்கிட்டு ஆத்து மேல பழி போடறான்" என்று பக்கத்து ஊர் ஜெராம் வரைக்கும் பரப்பிவிட்டார். லஞ்ச ஒழிப்புக்குப் பெட்டிஷன் போயிருக்கிறது என்றும் ஒரு பேச்சு. போதாததற்கு, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உமாபதி கடையில் விசாரித்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போனதாகப் பக்கத்து வீட்டுச் சின்னம்மா காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"கமிட்டியில உங்க பேச்சுத்தான் எடுபடுமாமே?" வந்தவர் உட்கார்ந்ததும் கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்ல சார். மரம் இல்லன்னா பூச்சி இல்ல. பூச்சி இல்லன்னா எவன் வருவான்? கலர் விளக்கப் பாக்கவா வருவான்? அதத்தான் சொன்னேன்."

"கன்னு வாங்குன காசு உங்க கை வழியாப் போச்சா?"

"ஐயோ, இல்லவே இல்ல சார்! நாங்க யோசனை சொல்றதோட சரி. காசு குடுக்குறதெல்லாம் கவர்மெண்டு."

வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண் மட்டும் கூரை, அலமாரி, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"வீடு சொந்தமா? சம்பாதிக்கிறது யார் யாரு?"

சொத்துக் கணக்கு எடுக்கிறான் பாவி! நடராஜா எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி லீலாவதி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர் கையைக் கூப்பினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இப்ப வேணாம். வந்த காரியம் முடியட்டும், அப்புறம் பாப்போம்."

நடராஜா மனைவியைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

"பாத்தியா? ஒரு வாய் டீ குடிக்க மாட்டேங்கறான். பெரிய ஆபீசர்தான்!"

"நீங்கதான் ஒரு காசு தொடலியே. அப்புறம் என்னங்க பயம்?"

"தொடலன்னா விட்டுருவானா? கேஸ், கீஸ்னு பேப்பர்ல பேரு வந்துச்சுன்னு வையி. கெர்லிங் ஊருக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க இப்பத்தான் நம்ம பொண்ணு அமராவதியக் கோயில்ல பாத்துட்டு, புடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இந்த நேரத்துல பேரு கெட்டா அவ வாழ்க்கையே போச்சு. நகைக்குச் சேத்து வச்ச காச எடு."

"வேணாங்க. எனக்கு இது சரியாப் படல."

"எடுன்னா எடு!"

லீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். பெற்ற பெண்ணின் கழுத்துக்குப் போட வேண்டிய காசு, வயிறு எரியாதா? நடராஜா அதை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து, வந்தவரின் தோல் பைக்கு அடியில் மெல்லச் செருகினார்.

"இது என்னாதுங்க?"

"இருக்கட்டும் சார். எம் பேரு கெடாமப் பாத்துக்குங்க. ஊரு உலகத்துல நடக்காததா?"

வந்தவர் கவரைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. கவரை டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆத்தோரம் போயிப் பாத்துட்டுத்தாங்க வரேன். மிச்சக் கன்னு நிக்குது, வெள்ளம் அரிச்ச தடமும் இருக்கு. உமாபதி சொன்னது சுத்தப் பொய்யின்னு சந்தோஷமா வந்தேன். இப்ப நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"அப்ப அதையே ரிப்போர்ட்ல எழுதிடுங்க சார்!" நடராஜா பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "எந்த ஆபீசுன்னு சொல்லுங்க. நானே நேர்ல வந்து விளக்கம் சொல்றேன்."

வந்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"ஆபீசும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. நான் கெர்லிங் மாப்பிள்ளையோட அப்பா."