பதின்மூன்றாவது கடிதம்

"எங்க தெருப் பள்ளம் போன வசந்தத்துல ஒரு வைக்கோல் லாரியவே முழுங்கிடுச்சும்மா. ஹாரன் மட்டும் ஒரு வாரம் உள்ள இருந்து கத்துச்சு" என்கிறார் ஹார்லன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஒரு சிற்றூரின் நகரசபை எழுத்தரான காரின் என்பவள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் பாக்கி. தெருக்காரர்களே செலவைப் பகிர்ந்து தார்ச்சாலை போடும் திட்டம். பாதிக்கு மேற்பட்ட வீட்டார் இன்று ஐந்துக்குள் எழுத்தில் மறுத்தால் மாநிலச் சட்டப்படி அது ரத்து. இருபத்து நான்கு வீடுகளில் பன்னிரண்டு மறுப்புகள் மேஜைமேல் கிடக்கின்றன. பதின்மூன்றாவது, ஹார்லனின் எதிர்வீட்டு லோர்னாவிடம் இருக்கிறது. "அந்தப் பள்ளத்துல பூனை படுக்கக்கூட இடம் பத்தாதுன்னு சொல்லிட்டுத் திரியிறா" என்று முனகியபடி ஹார்லன் தொப்பி விளிம்பைத் திருகுகிறார். ஆம்புலன்ஸ் அந்தச் சேற்றுக்குள் வர மறுத்த அன்று, மூச்சுத் திணறிய மனைவியைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்த கைகள் அவை. கூரைப் பனி உருகி ஜன்னலில் சொட்டுகிறது. மணி ஐந்து அடிக்கிறது. முத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள் காரின். கதவு படாரெனத் திறக்கிறது. இடுப்புவரை சேறும், ஒற்றைக்கால் பூட்ஸும், கையில் நனைந்த கடிதமுமாக லோர்னா. "நேரம் முடிஞ்சிருச்சுங்க" என்கிறாள் காரின். லோர்னா ஹார்லனை முறைக்கிறாள். "வாயத் தொறக்காத, கிழவா. முழுங்கிடுச்சு. என் காரைத்தான். ஹாரன் இன்னும் கத்திக்கிட்டிருக்கு."